செத்தான் என்பதற்கு ஒரு சொல்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான விண்ணப்பத்தில் ஒலிந்தா எழுதியது ஒரே ஒரு பொய். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில், மகசாய்: நன்று. தெத்தும்: நன்று. இந்தோனேசிய மொழி: நன்று. நான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அங்கேயும் அதே சொல்லை எழுதிவிட்டாள். போர்த்துகீசு: நன்று.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அவளுடைய அப்பா போர்த்துகீசியர் காலத்தில் மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். ஜெபங்கள், வணக்கம், நூறு வரை எண்கள், பிள்ளைகளை அதட்டும் நாலைந்து வார்த்தைகள் எல்லாம் அவரிடமிருந்து வந்தவை. அவளுக்கு ஏழு வயதாகும்போது இந்தோனேசியப் படை வந்தது. அதன்பிறகு அந்த மொழியை வீட்டுக்குள் பேசுவதும் ஆபத்தாகிப்போனது. பள்ளிக்கூடம், பிறகு அவளே டீச்சராக வேலை பார்த்த வருடங்கள், எல்லாமே இந்தோனேசிய மொழியில் ஓடின.

"உனக்கு போர்த்துகீசு நல்லா வருமா?" என்று பன்றிக்குத் தவிடு கரைத்துக்கொண்டே கேட்டான் அவள் கணவன் செபெரினு. "இந்தப் பன்னியத் திட்டக்கூட உனக்கு அதுல வராதே."

"வேலைக்குப் போனா தானா வந்துடும்."

"பன்னிக்கா?"

"போய்யா அங்கிட்டு."

வேலை கிடைத்துவிட்டது. பரீட்சை வைக்க வந்த அதிகாரி தலைநகர் திலியிலிருந்து வந்திருந்தார். போர்த்துகீசில் காலை வணக்கம் சொன்னார். அவளும் சொல்லி, நலமா என்று சேர்த்துக் கேட்டாள். அவர் அவசரமாகத் தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது என்பது அவளுக்குப் பிற்பாடு புரிந்தது.

வாய்மோரி நீதிமன்றத்தைத் தொண்ணூற்றொன்பதில் படை போகும்போது கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று வருடம் நான்கு சுவர்களாக நின்றது. அப்புறம் யாரோ தகரக்கூரை கொடுத்தார்கள், யாரோ மேசை கொடுத்தார்கள், இன்னொரு நாடு இரண்டு கணினியும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்தது. சுண்ணாம்பு அடித்தும் மழைக்காலத்தில் கரி வெளியே கசிந்து வரும். சட்டத்தின் மொழி போர்த்துகீசு என்று புது அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அந்த மொழி தெரிந்த நீதிபதிகள் உள்ளூரில் இல்லாததால் கடல் தாண்டி வந்தார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் சனங்களுக்கோ மகசாய் தவிர வேறெதுவும் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மர நாற்காலி போட்டிருந்தது. அதில்தான் ஒலிந்தா உட்கார்ந்தாள்.

அவள் வேலையில் சேர்ந்த நான்காம் மாதம், சனவரி மழையில், அனாக்லெத்துவைக் கொண்டுவந்தார்கள். வாய்தெபா கிராமத்து விவசாயி. நாற்பது வயது இருக்கும். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, யாருடைய வீட்டுக்கோ அழைக்காமல் வந்துவிட்டவன் மாதிரி வாசல் பக்கமே நின்றான். அவனுடைய தம்பி செலஸ்தீனு செத்துப்போயிருந்தான். அன்று காலையில் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டதை ஊர் பார்த்திருந்தது. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

நீதிபதி வால்டெமார் நல்ல மனிதர். ஏதோ தீவு நாட்டுக்காரர். ஆனால் வேகமாகப் பேசுவார், பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். அரசாங்க வக்கீல், அனாக்லெத்துவுக்காக நியமிக்கப்பட்ட இளம் வக்கீல், குமாஸ்தா துவார்த்தே மூவரும் இந்தோனேசிய மொழியில் படித்தவர்கள். நீதிபதி பேசும்போது மூன்று பேருமே குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருப்பார்கள். புரியாததை மறைக்க அது நல்ல வழி.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லச் சொல்றார்" என்றாள் ஒலிந்தா.

அனாக்லெத்து அவளைப் பார்த்துத்தான் சொன்னான். "வாய்க்கால் தண்ணிக்காகக் காலையில எனக்கும் தம்பிக்கும் சண்டை, டீச்சர். கைய ஓங்கினேன், அடிக்கல. ஊரே பாத்துச்சு, நான் இல்லேங்கல. மத்தியானம் அவன் கள்ளு எறக்கப் பனை ஏறினான். பொத்துன்னு சத்தம் கேட்டுச்சு. ஓடினேன். கீழ கெடந்தான். தூக்கி மடியில வச்சேன். என் கையிலயே செத்துப்போயிட்டான்."

தகரத்தின் மேல் மழை கல் கொட்டுவதுபோல் கொட்டியது. நீதிபதி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும், அவர் அடிக்கடி சொல்வது. மகசாயில் கேட்டதை மனதுக்குள், நாட்டின் பொதுமொழியான தெத்துமில் போட்டு, அதிலிருந்து போர்த்துகீசுக்கு நகர்த்துவது அவள் வழக்கம். 'விழுந்தான்' என்பதற்குச் சொல் வரவில்லை. 'மடி' வரவில்லை. தண்ணீர், சண்டை, பனைமரம் வந்தன. செத்தான் என்பதற்குத் தெத்துமில் 'மாத்தெ'. மேசை, சன்னல், கோயில் என்று தெத்துமில் பாதிச் சொற்கள் போர்த்துகீசிலிருந்து வந்தவைதானே? நீதிபதிகள் வாயில் 'மத்தோவ்' என்ற சொல்லை அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். அதுவாகத்தான் இருக்கும். பனைமரம், தம்பி, கை, மத்தோவ் என்று சொல்லி முடித்தாள்.

நீதிபதி தலையை நிமிர்த்தினார். "மத்தோவ்?" என்று அனாக்லெத்துவைக் கைகாட்டிக் கேட்டார். "இவரே அப்படிச் சொன்னாரா?"

"சிம், சிம்" என்றாள். ஆமாம், ஆமாம்.

வழக்கு முடியும்வரை சிறை என்று உத்தரவாயிற்று. அதை அவள் மகசாயில் சொன்னபோது அனாக்லெத்துவுக்குப் புரியவில்லை.

"எதுக்கு டீச்சர்?"

அவளுக்கும் அது தெரியவில்லை. நீதிபதியிடம் கேட்கலாம். கேட்டால் அவர் பதிலுக்கு ஏதாவது நீளமாகச் சொல்வார், அது விளங்காமல் எல்லார் முன்னாலும் முழிக்க வேண்டிவரும்.

"சட்டம் அப்படித்தான்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய், ஒரு பெரிய வழக்கில் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை என்று செபெரினுவிடம் சொல்லி, சோளமும் மொச்சையும் வேகவைத்ததை இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அனாக்லெத்துவின் மனைவி பெர்பெத்துவா மலையிலிருந்து லாரியில் வந்தாள். சிறையில் கணவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நீதிமன்றப் படியில் வந்து உட்காருவாள். அங்கே அவளுடைய பேச்சுப் பேசுகிற ஒரே ஆள் ஒலிந்தாதான். வரும்போதெல்லாம் வாழையிலையில் சுற்றி ஏதாவது கொண்டுவருவாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒருமுறை நாலு முட்டை.

"என்னத்துக்கு இதெல்லாம்?"

"எங்க வீட்டுக்காரர் சொன்னத சட்டத்து காதுல போட்டவங்க நீங்கதானே, டீச்சரம்மா."

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை பெர்பெத்துவா எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தாள். "ஊர்ல யாரும் பேசறதில்ல. கொழுந்தன் பொண்டாட்டி புள்ளைங்கள இழுத்துக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போயிட்டா. கொன்னேன்னு அவரே வாயால ஒத்துக்கிட்டாராமே, கோர்ட்டுல எழுதியே வச்சிருக்காங்களாமே? போலீஸ்காரர் வந்து சொல்லிட்டுப் போனாராம்."

"சனங்க ஆயிரம் பேசும்" என்றாள் ஒலிந்தா. "அவரு அப்படி ஒண்ணும் சொல்லல. நான்தானே பக்கத்துல இருந்தேன்?"

"அப்போ ஏன் இன்னும் விடல?"

"பெரிய இடத்து வேலை. மெதுவாத்தான் நகரும்."

அன்றைக்காவது போய்க் கேட்டிருக்கலாம். நீதிபதியின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது, கதவும் திறந்தே கிடந்தது. ஆனால் அவள் நாற்காலிக்கு வெளியே அவரைத் தவிர்த்தாள். தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஒரு காகிதக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவசர வேலை இருப்பவள்போல் நடந்துவிடுவாள்.

ஆகஸ்டில் நீதிமன்ற ஊழியர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள் கிராசா, லிஸ்பனிலிருந்து வந்த சிறு பெண். தெத்துமும் ஓரளவு கற்றுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், உங்கள் குடும்பத்தைப் பற்றி நாலு வரி சொல்லுங்கள் என்றாள். ஒலிந்தா எழுந்து நின்று, தன் அப்பா எழுபத்தொன்பதில் மலையில் பஞ்சத்தில் இறந்ததைச் சொன்னாள். "என் அப்பா எழுபத்தொன்பதில் மலையில் மத்தோவ்."

கிராசாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "யாரக் கொன்னார்?" என்று தெத்துமில் மெல்லக் கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. துவார்த்தே மேசையைத் தட்டினான். "அக்காவோட அப்பா பெரிய கைதான் போல! எத்தன பேரு அக்கா?"

ஒலிந்தாவும் சிரித்தாள். கிராசா பலகையில் இரண்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். மொர்ரேவ், இறந்தார். மத்தோவ், கொன்றார். "எல்லாரும் பண்ற தப்புதான். தெத்தும் காதுக்கு ரெண்டும் ஒண்ணா கேக்கும்" என்றாள்.

ஒலிந்தாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்துபோனதுபோல. பலகையைப் பார்த்தபடி இருந்தவளுக்கு முதலில் மழைச்சத்தம் வந்தது. பிறகு, "இவரே அப்படிச் சொன்னாரா?" என்று நீதிபதி கேட்டது வந்தது. 

வீட்டுக்கு நடந்துபோகும்போது இன்னொன்றும் பிடித்துக்கொண்டது. மரண வேளையிலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மூன்று வயதிலிருந்து போர்த்துகீசில் ஜெபம் சொல்லி வந்திருக்கிறாள். மோர்த்தெ, மரணம்: அந்தச் சொல் அவள் வாயிலேயே இருந்தது. ஆயிரம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு மனிதனுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அது வரவில்லை.

மறுநாள் காலையில் யாரும் வருமுன் வழக்குக் கோப்பை எடுத்துப் பார்த்தாள். வரி தெளிவாக இருந்தது: 'என் கைகளால் தம்பியைக் கொன்றேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டார்.' கீழே அனாக்லெத்துவின் கைநாட்டு. அதற்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து, டீச்சர்களுக்கே உரிய அழகான சாய்வெழுத்து.

ஐந்தாம் நாள் துவார்த்தேயிடம் சொன்னாள். அவன் முதலில் கதவைச் சாத்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. அக்கா, நான் உங்களுக்காக மட்டும் சொல்லல. இதுவரைக்கும் எத்தன வழக்குல உக்காந்திருக்கீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணும் விழும். இந்தக் கோர்ட்டு எழுந்து நின்னு ரெண்டு வருஷம்கூட ஆகல. இப்பத்தான் சனங்க கத்திய வச்சுட்டு மனு எழுதிக்கிட்டு வர்றாங்க. கோர்ட்டு சொன்னதே தப்புன்னு ஒரு தடவ தெரிஞ்சுதுன்னா அவ்வளவுதான். திரும்பக் கத்தியத்தான் எடுப்பாங்க. விசாரண செப்டம்பர்ல வருது. அவரே வந்து இல்லேன்னு சொல்லுவாரு, தானா சரியாயிடும்."

அவன் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல் பட்டது. அப்படிப் படவேண்டும் என்று தான் விரும்பியதும் அவளுக்குத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை பெர்பெத்துவா வந்தபோது, ஒலிந்தா காகிதக்கட்டுகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். டீச்சரம்மா எங்கே என்று அவள் ஒவ்வொருவராகக் கேட்பதும், மகசாய் புரியாமல் அவர்கள் கையை விரிப்பதும் கேட்டது. அடுத்த வியாழன் ஒளிய முடியவில்லை. பெர்பெத்துவா கொடுத்த கிழங்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் அதை வேகவைக்கவில்லை. பன்றிக்கும் போட மனம் வரவில்லை. கூடையில் கிடந்து முளைவிட்டது.

விசாரணை செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி. அனாக்லெத்து இளைத்திருந்தான். பின்வரிசையில் பெர்பெத்துவா, அவளுக்கு நாலு இடம் தள்ளி ஊர்க்காரர்கள் சிலர். நீதிபதி கோப்பைப் புரட்டி, சனவரி வாக்குமூலத்தை வாசித்தார்.

"உங்கள் கைகளால் தம்பியைக் கொன்றதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது அதில் ஏதாவது மாற்றிச் சொல்ல வேண்டுமா?"

அதை மகசாயில் சொல்ல வேண்டியது அவள் வேலை. சொன்னாள். 

அனாக்லெத்து திடுக்கிட்டான். நீதிபதியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் அப்படிச் சொல்லலியே, டீச்சர்" என்றான். பிறகு, பெரியவர்களை மறுத்துப் பேசிவிட்டோமோ என்று பயந்தவன்போல் அவசரமாகச் சேர்த்தான்: "இல்ல, மழையில நான்தான் ஏதும் தப்பா சொல்லிட்டேனோ என்னமோ. எனக்குப் பேசத் தெரியாது. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் என்ன சொன்னேன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"என்ன சொல்கிறார்?" என்றார் நீதிபதி.

துவார்த்தே நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஒலிந்தா எழுந்து நின்றாள். மொழிபெயர்ப்பாளர் எழுந்து நிற்கக் கூடாது. போர்த்துகீசில், பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவர் கொன்றேன் என்று சொல்லவில்லை. இறந்தான் என்று சொன்னார். மரத்திலிருந்து விழுந்தான், என் கையில் இறந்தான் என்று சொன்னார். நான் தவறாகச் சொன்னேன். எனக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கு உங்கள் மொழி நன்றாகத் தெரியாது. தெரியும் என்று எழுதிக்கொடுத்தேன்."

அறையில் யாருக்கும் அது முழுதாகப் புரியவில்லை, நீதிபதியைத் தவிர. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "பத்தொன்பது நாளாக" என்றாள்.

நீதிபதி கோப்பை மறுபடி புரட்டினார். "இந்தக் கோப்பில் இல்லாத தாள் வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று துவார்த்தேயைக் கேட்டார். கேள்வியை ஒலிந்தாதான் அவனுக்குத் தெத்துமில் சொன்னாள். அவன் காது மடல் சிவந்தது. உள்ளே போய், ஒரு துண்டுச்சீட்டோடு வந்தான். வாய்தெபா சுகாதார நிலையத்து நர்ஸ் அன்றைக்கே எழுதிக் கொடுத்தது. இந்தோனேசிய மொழியில் இருந்ததால் நீதிபதிக்குப் பயன்படாது என்று தனியே போட்டு வைத்திருந்தான். ஒலிந்தா அதை வாங்கி வாசித்தாள். கழுத்தெலும்பு முறிவு. உயரத்திலிருந்து விழுந்ததால். உடலில் அடித்த காயம் வேறில்லை. கேட்டிருந்தால் சனவரியிலேயே, ஒரே நிமிடத்தில், ஒரு தப்பும் இல்லாமல் மொழிபெயர்த்திருப்பாள்.

அனாக்லெத்துவை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். நவம்பரில் குற்றமற்றவன் என்று தீர்ப்பாயிற்று.

அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தாள். நீக்கினால் நல்லது என்றுகூட இருந்தது. நீதிபதி கூப்பிட்டனுப்பியபோது ராஜினாமாக் கடிதத்தோடு போனாள். கிராசாவையும் உட்காரவைத்திருந்தார், பேச்சு இருவருக்கும் ஒழுங்காகப் போய்ச்சேரட்டும் என்று.

"மகசாய்க்கு வேற ஆள் இல்ல" என்று கிராசா அவர் சொன்னதைத் தெத்துமில் சொன்னாள். "மூணு மாசம் நீங்க நாற்காலியில உக்கார வேண்டாம். நாப்பத்தொரு வழக்கோட ஒலிநாடாவும் இருக்கு. ஒண்ணு விடாம என்கூட உக்காந்து கேக்கணும். அப்புறம் திலியில ஆறு மாசம் படிப்பு." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "அவரு இன்னொண்ணும் சொல்றாரு. ரெண்டு வருஷமா இந்த ஊர்ல தீர்ப்பு சொல்றாராம். உங்க சனங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூட அவருக்குத் தெரியாதாம். அது அவருக்கு அசிங்கமா இருக்காம்."

ஒலிந்தா கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். அவருடைய வெட்கம் தன்னுடையதைக் கொஞ்சமும் குறைக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

நாடாக்களைக் கேட்டார்கள். தன் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்குத் தாங்கவில்லை. எவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறாள்! தெரியாத இடங்களில்தான் குரல் இன்னும் உரத்து வந்தது. ஆறு வழக்குகளில் அர்த்தம் மாறியிருந்தது. அதில் இரண்டு பேர் தண்டனையை முடித்துவிட்டு வெளியே போயிருந்தார்கள். ஆறையும் மறுபடி விசாரிக்க உத்தரவாயிற்று. துவார்த்தே பயந்ததுபோலச் சந்தையில் கொஞ்ச நாள் பேச்சு அடிபட்டது. மனு கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். நின்றுவிடவில்லை.

சனவரி முதல் வாரத்தில் பெர்பெத்துவா வந்தாள். கையில் எதுவும் இல்லை. படியில் உட்காரவும் இல்லை.

"தீர்ப்புன்னு ஒரு தாள் ஊர்த்தலைவருக்கு அனுப்பினீங்க" என்றாள். டீச்சரம்மா என்பது போய்விட்டிருந்தது. "செவுத்துல ஒட்டியிருக்காரு. வெள்ளக்காரன் பாஷையில இருக்கு. யாருக்குப் படிக்கத் தெரியும்? பணம் கொடுத்து வெளிய வந்துட்டாருன்னு பேசறாங்க. சனிக்கிழம செலஸ்தீனுக்கு வருஷம் முடிஞ்சு துக்கத்துக்குக் கட்டின கறுப்ப எடுக்கறாங்க. எங்களக் கூப்பிடல. நீங்க வந்து சொல்லணும்."

"வரேன்" என்றாள் ஒலிந்தா. வேறு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பெர்பெத்துவா திரும்பி நடந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை லாரியில் போனாள். செபெரினு கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். செலஸ்தீனுவின் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, எருமை வெட்டிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. உறவுக்காரர்கள் ஒரு வருடமாகக் கையில் கட்டியிருந்த கறுப்புத்துணியோடு நின்றார்கள். அனாக்லெத்துவும் பெர்பெத்துவாவும் வேலிக்கு வெளியே, கறுப்புத்துணி இல்லாமல் நின்றார்கள். கட்டிக்கொள்ள அவர்களை யாரும் விடவில்லை. தம்பியின் அடக்கத்துக்கும் அனாக்லெத்து இல்லை, ஏழாம் நாள் பூ வைக்கவும் இல்லை. அந்த நாட்களில் அவன் எங்கே இருந்தான் என்பதை ஒலிந்தா நினைத்துப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

ஊர்த்தலைவர் அவளைப் பந்தல் நடுவில் நிறுத்தினார். நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறாள் என்றார். அவள் தீர்ப்பைச் சொன்னாள், நர்ஸின் சீட்டைச் சொன்னாள். பின்னாலிருந்து செலஸ்தீனுவின் மாமனார் எழுந்தார்.

"அன்னிக்கும் கோர்ட்டு சொல்லுச்சுன்னு சொன்னாங்க. இன்னிக்கும் கோர்ட்டு சொல்லுச்சுன்னு நீ சொல்றே. நாங்க எத நம்பறது?"

"அன்னிக்கு கோர்ட்டு சொல்லல, ஐயா" என்றாள். "நான் சொன்னேன். இவரு செத்தான்னு சொன்னாரு. நான் கொன்னேன்னு மாத்திச் சொல்லிட்டேன். தெரியாத பாஷைய தெரியும்னு சொல்லி அந்த வேலைக்குப் போனேன். தப்பு இவர் மேல இல்ல. என் மேல."

"ஒரு வார்த்தையா?" என்றார் அவர். "ஒரு வார்த்தைக்கா இத்தனையும்?"

"ஒரு வார்த்ததான்."

 ஒரு கிழவி, "பாக்க படிச்சவ மாதிரி இருக்கா" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

செலஸ்தீனுவின் விதவை பந்தலுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். ஒலிந்தாவைத் தாண்டிக்கொண்டு வேலி வரை போனாள். ஒரு வருடம் கழித்து முதல்முறையாக அனாக்லெத்துவிடம் பேசினாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டான்" என்றான் அனாக்லெத்து. "பக்கத்துல தண்ணி இல்ல. எடுக்கப் போனா செத்துடுவானோன்னு போகல. "

விதவை அழவில்லை. வேலிப்படலைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். அவன் உள்ளே வந்து ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றான். பக்கத்திலிருந்தவன் சற்று நகர்ந்து இடம்விட்டான். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒலிந்தாவுக்கும் சோறும் கறியும் கொடுத்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது வழக்கமில்லை. பலகையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு கவளமாக, தட்டைக் காலி செய்தாள்.

மதியம் லாரி நிற்கும் இடம்வரை அனாக்லெத்து கூட வந்தான். பாதை இறக்கமாக இருந்தது. வழுக்கும் இடங்களில் நின்று, அவள் வந்து சேருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று அவள் காலையிலிருந்து வைத்திருந்தாள். அவன்தான் முதலில் பேசினான்.

"உள்ள இருக்கும்போது ராவும் பகலும் ஒரே யோசனதான், டீச்சர். அன்னிக்கு நான் என்ன சொன்னேன், எந்த எடத்துல தப்பா சொன்னேன்னு. ஒவ்வொரு வார்த்தையா எடுத்துப் பாப்பேன். எட்டு மாசமா என் நாக்கத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

  லாரி வந்தது. அவள் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அவன் அது கிளம்பும்வரை நிற்கவில்லை. பந்தலுக்கு ஆள் தேவைப்படும் என்று சொல்லிவிட்டு, வேகமாக மேட்டில் ஏறிப் போனான்.